மலிந்த கருவியா, மதிப்புள்ள கருவியா?

இல்லப் பட்டறை அமைக்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில சிந்தனைகள்

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர், தம் இரு பிள்ளைகளோடு சேர்ந்து மரத்தினாலேயே ஒரு குடில் செய்ய வேண்டுமென்று ஆவல் கொண்டார். ஆண்டுதோறும் அட்டையிலும் வைக்கோலிலும் செய்து எறிந்துவிடுவதை விட, பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்படி ஒன்று செய்துவைக்கலாமே என்பது அவருடைய எண்ணம். பட்டணத்துக் கடையொன்றில், நூற்றுக்கு மேற்பட்ட கருவிகள் அடங்கிய பெரிய பிளாஸ்டிக் பெட்டியொன்று, நம்பமுடியாத விலையில் கிடைத்தது. மகிழ்ச்சியோடு வாங்கி வந்தார்.

முதல் நாள் மாலை, பெட்டியிலிருந்த கட்டிங் பிளேயர் கம்பியை வெட்டவில்லை, நசுக்கியது. இரண்டாம் நாள், திருப்புளியின் நுனி முறுக்கிக்கொண்டது. மூன்றாம் நாள், அதே திருப்புளி திருகாணியின் தலையிலிருந்து நழுவி அவருடைய இடக்கை உள்ளங்கையில் இறங்கியது. மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. குடிலின் எஞ்சிய வேலையை, பக்கத்துத் தெருத் தச்சர், தம் தகப்பனார் காலத்து உளியொன்றைக் கொண்டு அரை நாளில் முடித்துக் கொடுத்தார்.

கிறிஸ்து பிறப்புத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது, கட்டுப்போட்ட கையைக் காட்டி அவர் என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, நான் ஏமாந்தது எதிலே? விலை குறைவு என்று வாங்கினது தப்பா? அப்படியென்றால் பெரிய கம்பெனிச் சாமான்தான் வாங்க வேண்டுமா? அதற்கு நம்மிடம் பணம் ஏது?”

“தம்பி, அதற்கு ஒரே வரியில் பதில் இல்லை, எழுதித்தான் தர வேண்டும்” என்றேன். இக்கட்டுரை அந்தப் பதில். தொழிற்பயிற்சி முடித்த மகனுக்கு முதன்முதலாகக் கருவிப்பெட்டி வாங்கித் தரப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பொழுதுபோக்குக்காக வாங்குகிறவர் ஏமாந்தால் ஒரு மாலை வீணாகும். பிழைப்புக்காக வாங்குகிற இளைஞன் ஏமாந்தால், அவனுடைய முதல் வேலையும் முதல் நற்பெயரும் வீணாகும்.

பெலிஸ்தியரின் கொல்லுப்பட்டறை

சாமுவேல் முதல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், நாம் அதிகம் கவனியாத ஒரு செய்தி வருகிறது. சவுல் அரசனின் காலத்தில் இஸ்ரயேல் நாட்டில் கொல்லர் ஒருவரும் இல்லை. கொழுமுனையையும் கோடரியையும் கூர்மையாக்க வேண்டுமானால், மக்கள் பகைவராகிய பெலிஸ்தியரிடமே இறங்கிச் செல்ல வேண்டியிருந்தது. கொழுவைத் தீட்டுவதற்குக் கொடுத்த கூலி, எபிரேய மூலத்தில் ‘பிம்’ என்ற சொல்லால் குறிக்கப்படுகிறது. அச்சொல் பொறித்த சிறு எடைக்கற்கள் பாலஸ்தீன அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. அவை ஒரு செக்கேலின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ ஏழரை கிராம் எடையுள்ளவை. அவ்வளவு வெள்ளி, ஒரு கொழுவைத் தீட்டுவதற்கு மட்டும்! போர் மூண்டபோது சவுலையும் யோனத்தானையும் தவிர வேறு எவர் கையிலும் வாளோ ஈட்டியோ இல்லை என்று அந்நூல் கூறுகிறது.

இந்நிகழ்ச்சியை நம் கருவிப்பெட்டியோடு பொருத்திப் பார்க்கலாம். கருவியின் விலை, கடையில் கொடுக்கும் பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதைத் தீட்ட முடியுமா, பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய முடியுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பவையும் விலையைச் சேர்ந்தவையே. மலிவோ உயர்வோ, தீட்டவும் பழுதுபார்க்கவும் இயலாத கருவி, நம்மை வேறொருவர் பட்டறை வாசலில் நிறுத்திவிடும்.

விலை எங்கே போகிறது?

ஒரே அளவுள்ள இரண்டு உளிகள். ஒன்றின் விலை மற்றொன்றைப் போல ஐந்து மடங்கு. பார்வைக்கு இரண்டும் பளபளக்கின்றன. வேறுபாடு எங்கே இருக்கிறது?

முதலாவது, எஃகு. இரும்பில் கரி மிகச் சிறு அளவு சேர்ந்திருப்பதே எஃகு. வெட்டும் கருவிகளுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1 பங்கு வரை கரி வேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

இரண்டாவது, பதம். எஃகைச் செஞ்சூடாக்கி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் கடினமாகும். ஆனால் கண்ணாடியைப் போல எளிதில் உடையும். மீண்டும் குறைந்த சூட்டில் காய்ச்சி ஆற்றினால், கடினத்தில் சிறிது குறைந்து, உறுதி கூடும். இந்த இரண்டாம் சூட்டில்தான் கொல்லனின் அறிவு இருக்கிறது. ராக்வெல் என்னும் கடினமானியில், நல்ல மர உளி பெரும்பாலும் 58 முதல் 62 வரை காட்டும். அவசரமாகச் செய்யப்பட்ட மலிவு உளிகளில், ஒன்று பொடிந்து உடையும், மற்றொன்று ஈயம்போல் மடியும். ஒரே பெட்டியிலேயே இரு வகையும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, முடிப்பு வேலை. உளியின் முதுகு தட்டையாக இருக்கிறதா, பிளேயரின் இரு தாடைகளும் வெளிச்சம் புகாதபடி சேர்கின்றனவா, பிடியும் அலகும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பன இதில் அடங்கும். நான்காவது, சோதனை. குறையுள்ளதைத் தொழிற்சாலையிலேயே ஒதுக்கித் தள்ளுகிறவர், அந்த நட்டத்தையும் நல்ல சரக்கின் விலையில்தான் ஏற்றுவார். மலிவுச் சரக்கில் சோதனை செய்யும் வேலை வாங்குகிறவருக்கே விடப்படுகிறது.

ஐந்தாவது, பெயர். விளம்பரம், பெட்டியின் அழகு, கப்பல் கூலி, சுங்கம், முகவரின் இலாபம் ஆகிய இவையெல்லாம் இதில் வரும். முதல் நான்குக்கும் பணம் கொடுப்பது வீண் அன்று. ஐந்தாவதற்கு மட்டும் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

பெயர்களைச் சற்றே அறிவோம்

உயர்விலைப் பெயர்கள் பலவற்றிற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ பிரிட்டன் நகரில் 1843-இல் தொடங்கியது ஸ்டான்லி. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1882-இல் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தோன்றியது நிப்பெக்ஸ். இன்றும் குறடு வகைகளுக்கே பெயர்பெற்றது. ராபர்ட் போஷ் 1886-இல் ஸ்டுட்கார்ட் நகரில் சிறு பட்டறையாகத் தொடங்கினார். ஜப்பானின் மக்கிட்டா 1915-இல் மின்மோட்டார் பழுதுபார்க்கும் கடையாகப் பிறந்தது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரல் விசையும் கொண்ட துளைப்பொறிக்கு 1917-இல் காப்புரிமை பெற்றது பிளாக் அண்ட் டெக்கர். இன்று நம் தெருக்களில் பயன்படும் எல்லாத் துளைப்பொறிகளும் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்களே.

நம் நாட்டிலும் நல்ல பெயர்கள் உண்டு. ஸ்வீடன் நாட்டு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1969-இல் கைக்கருவி செய்யத் தொடங்கிய தபாரியா, நம் மின்பணியாளர் பலரின் பையில் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும், ராஜஸ்தானின் நாகௌரும் கைக்கருவித் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். அங்கே செய்யப்படும் சுத்தியலும் ஸ்பேனரும் அயல்நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. இந்த நடுத்தர வகையே நம் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் ஏற்றது. மலிவுக்கும் உயர்வுக்கும் இடையே இப்படியோர் இடம் இருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். வேறு வேறு பெயர்கள் எல்லாம் வேறு வேறு முதலாளிகள் அல்லர். ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் 2010-இல் ஒன்றாக இணைந்தன. மஞ்சள் நிற டிவால்ட் கருவிகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. போஷ் நிறுவனம் வீட்டுப் பயனுக்குப் பச்சை நிறத்திலும், தொழிலாளர் பயனுக்கு நீல நிறத்திலும் கருவிகளைச் செய்கிறது. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர், அந்தப் பெயரின் எந்தத் தரத்தை வாங்குகிறோம் என்பதைக் கேட்டறிய வேண்டும். பெயர்பெற்றவற்றுக்குப் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. நம்பத்தகுந்த கடையில், இரசீதோடு வாங்குவதே நலம்.

நம் ஊர்க் கொல்லரையும் மறவாதிருப்போம். பழைய லாரிப் பட்டைகளை, அதாவது வில்லாக வளைந்து பாரம் தாங்கும் அந்த எஃகுத் தகடுகளை, காய்ச்சி அடித்து அவர் செய்யும் உளியும் அரிவாளும் பெட்டியில் வராது, பளபளக்காது. ஆனால் அந்தப் பட்டை எஃகில் கரி ஏறத்தாழ 0.6 பங்கு இருக்கும். நல்ல கைக்காரர் பதமிட்டால், அது மலிவுக் கடை உளியை எளிதில் வென்றுவிடும். மழுங்கினால் மீண்டும் அவரிடமே கொடுத்துத் தோய்த்து வாங்கலாம்.

கைக்கருவிகள்

கட்டிங் பிளேயர்: கடையிலேயே தாடைகளை மூடி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் விளிம்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் வாங்க வேண்டாம். மூட்டு ஆடக்கூடாது, இறுகவும் கூடாது. மின்சார வேலைக்கு என்றால் இன்னொரு நிபந்தனை உண்டு. சிவப்பு நிறப் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே அது மின்காப்பு ஆகிவிடாது. கை வழுக்காமலிருக்கப் போட்ட உறையாகவும் அது இருக்கலாம். 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் உள்ளதா என்று பாருங்கள். பன்னாட்டுத் தரவிதியின்படி அத்தகைய கருவிகள் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்படுகின்றன. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஓர் உயிரைப் பறிக்க அதுவே போதும். காப்புள்ள கருவி இருந்தாலும், மெயினை அணைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

திருப்புளி: நம் நண்பரின் கையைக் குத்தியது இதுதான். கூட்டல்குறித் தலையுள்ள திருகாணிக்கு அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றார். அதன் நுனி அளவுகள் எண்ணால் குறிக்கப்படும். வீட்டுத் திருகாணிகளுக்கு மிகுதியும் பொருந்துவது 2-ஆம் எண். 1-ஆம் எண்ணைக் கொண்டு பெரிய திருகாணியைத் திருப்பினால், எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் நழுவும். இருபது திருப்புளிகள் உள்ள மலிவுப் பெட்டியைவிட, நல்ல எஃகில் 1, 2 ஆம் எண்களும், தட்டை நுனியில் இரண்டும் ஆக நான்கே திருப்புளிகள் வாங்குவது மேல். விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே முடியும்.

உளி: மலிவு உளியை உடனே இகழ்ந்துவிட வேண்டாம். தொழிற்சாலைச் சாணையில் நுனி சூடேறி, முதல் ஓரிரு மில்லிமீட்டர் பதம் கெட்டிருப்பது உண்டு. அதைத் தீட்டித் தள்ளிவிட்டால், உள்ளே நல்ல எஃகு இருக்கக்கூடும். நல்ல அரமொன்றை உளியின் வாயருகே மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிச் சென்றால் எஃகு கடினமாக உள்ளது. வெண்ணெயில் கத்திபோல் கடித்தால், அது உளி வடிவிலுள்ள வெறும் இரும்பு. உயர்ந்த உளி, முதுகு தட்டையாகவும் வாய் சீராகவும் வரும். மலிவு உளியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு நாள் கல்லில் தேய்க்க வேண்டும். நேரமுள்ளவர் உழைப்பைக் கொடுக்கலாம். நேரமில்லாதவர் பணத்தைக் கொடுக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு கண்டிப்பான சொல். தீட்டும் கல் வாங்காமல் உளி வாங்காதீர்கள். தீட்டாத உயர்ந்த உளியைவிட, தீட்டிய மலிவு உளி சிறந்தது. மழுங்கிய இரும்பை அப்படியே வைத்துக்கொள்பவன் கூடுதல் வலிமையைச் செலவிட வேண்டியிருக்கும் என்ற கருத்தைச் சபை உரையாளரும் தம் நூலின் 10-ஆம் அதிகாரத்தில் சொல்லிவைத்திருக்கிறார். கூடுதல் வலிமையோடு அழுத்தும்போதுதான் உளி கையில் பாய்கிறது.

அளவுக் கருவிகள்: இங்கே விலையைவிடச் சோதனை முக்கியம், அந்தச் சோதனைக்குக் காசு வேண்டாம். ரசமட்டத்தை ஒரு பலகைமேல் வைத்துக் குமிழ் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழ் முன்போலவே நின்றால் மட்டம் நல்லது. மூலைமட்டத்தைப் பலகையின் நேரான ஓரத்தில் அணைத்து ஒரு கோடு இழுங்கள். அதைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், பிழை இரட்டிப்பாகக் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரர் அனுமதித்தால் அங்கேயே செய்து பார்த்து வாங்கலாம்.

அளவு நாடாவின் முனைக் கொக்கி சிறிது ஆடுவதைக் கண்டு, மலிவுச் சரக்கு என்று எண்ணித் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது குறையன்று. உள்ளளவு எடுக்கும்போதும் வெளியளவு எடுக்கும்போதும் கொக்கியின் கனத்தைச் சரிக்கட்டவே அது ஆடும்படி செய்யப்படுகிறது. சில நாடாக்களில் உரோம எண்ணில் தரம் குறித்திருக்கும். இரண்டாம் தரத்தில் 5 மீட்டருக்கு 1.3 மில்லிமீட்டர் வரையும், முதல் தரத்தில் 0.6 மில்லிமீட்டர் வரையும் பிழை அனுமதிக்கப்படுகிறது. வீட்டு வேலைக்கு இரண்டாம் தரமே போதும். ஒரு வேலையைத் தொடங்கிய நாடாவாலேயே முடித்தால், அந்தச் சிறு பிழையும் நம்மைப் பாதிக்காது.

மின்கருவிகள்

துளைப்பொறி: மலிவுப் பொறிக்கும் உயர்ந்த பொறிக்கும் உள்ள வேறுபாடு முதல் நாளில் தெரியாது. இரண்டும் சுவரில் துளையிடும். உயர்ந்த பொறியில் அச்சுகள் குண்டுப் பேரிங்கில் சுழலும். பல்சக்கரங்கள் பதமிட்ட எஃகாக இருக்கும். தலையில் துளைக்கம்பி ஆடாமல் நிற்கும். மலிவுப் பொறியில் சாதாரண புஷ்ஷும் மென்மையான பற்களும் இருக்கக்கூடும். மாதத்திற்கு நான்கு துளை போடுகிறவருக்கு அது பல ஆண்டு உழைக்கும். நாளைக்கு நாற்பது துளை போடுகிற இளைஞனுக்குச் சில மாதங்களிலேயே கைவிடும். ஆர்மேச்சர் எரிந்து காயில் கட்டக் கொடுக்கும் கூலி, பொறியின் விலையை நெருங்கிவிடும்.

வாங்கும்முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதற்குக் கார்பன் பிரஷ் கிடைக்குமா?” என்பதே. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட சிறு உறுப்பு அது. அது கிடைக்காத பொறி, எவ்வளவு மலிவானாலும், எவ்வளவு உயர்ந்ததானாலும், பெலிஸ்தியரிடம் நடக்கவைக்கும் கொழுமுனைதான். வீட்டுப் பயனுக்கு 13 மில்லிமீட்டர் தலையும் 500 முதல் 650 வாட் வரை ஆற்றலும் உள்ள பொறி போதுமானது. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டுள்ள வாட் எண்ணிக்கையை நம்பி மயங்க வேண்டாம்.

பொறியைவிடத் துளைக்கம்பியில் கவனம் வையுங்கள். சாதாரண கரி எஃகுக் கம்பி, இரும்பில் துளையிடும்போது சூடேறிப் பதம் இழந்து நீலம் பாய்ந்துவிடும். ஹைஸ்பீடு எஃகு எனப்படுவதோ ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை கடினத்தை விடாமல் தாங்கும். சுவருக்கு நுனியில் கார்பைடு பதித்த கம்பி வேண்டும். மலிவுப் பொறியில் நல்ல கம்பி நன்றாகவே வேலை செய்யும். உயர்ந்த பொறியில் மட்டமான கம்பி வேலை செய்யாது.

மின்கலக் கருவிகள்: இவற்றை வாங்குகிறவர், கருவியை மட்டுமன்று, ஒரு குடும்பத்தையே வாங்குகிறார். ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொன்றின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. மின்கலம் ஓய்ந்துபோனால் புதியது வாங்கும் விலை திடுக்கிட வைக்கும்; அதை முதலிலேயே விசாரியுங்கள். ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்றும், மற்றொன்றில் 20 வோல்ட் என்றும் இருந்தால், பின்னது வலியது என்று எண்ண வேண்டாம். உள்ளே இருப்பவை இரண்டிலும் ஐந்து லித்தியம் அறைகளே. ஒவ்வொன்றும் இயல்பு நிலையில் 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழுதாக ஏற்றியவுடன் ஏறத்தாழ 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20. எண் மாறியதேயன்றி வலிமை மாறவில்லை.

கிரைண்டர்: இதைப் பற்றி எழுதும்போது என் பேனா சற்றே நடுங்குகிறது. 100 மில்லிமீட்டர் வட்டு, நிமிடத்திற்கு 11,000 சுற்றில் சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் வட்டு உடைந்தால், துண்டுகள் முகத்தைத் தேடி வரும். ஆகவே வட்டின்மேல் அச்சிட்டுள்ள உச்சச் சுற்று எண்ணிக்கை, பொறியின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். பிசினால் பிணைத்த வெட்டு வட்டுகளுக்கு வயதும் உண்டு. நல்ல வட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். அது செய்த நாளிலிருந்து மூன்றாண்டுக்கு உட்பட்டது. ஈரத்தில் கிடந்த வட்டையும் கீழே விழுந்த வட்டையும் பயன்படுத்தலாகாது. காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதும், மரமறுக்கும் பல்வட்டை இதில் மாட்டுவதும் எந்த அவசரத்திலும் கூடாதவை. கண்ணாடி அணியாமல் விசையைத் தொடக்கூடாது. பிள்ளைகள் அருகில் நின்று வேடிக்கை பார்க்கவும் விடக்கூடாது.

எதில் சிக்கனம், எதில் தாராளம்?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். 150 ரூபாய்ப் பிளேயர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டில் 1,500 ரூபாய். 500 ரூபாய்ப் பிளேயர் ஒன்றே அந்த 20 ஆண்டையும் கடந்துவிட்டால், மலிவு எது? ஆனால் ஆண்டுக்கு இருமுறை மட்டும் எடுக்கும் கருவியில், 150 ரூபாய்ச் சரக்கே 20 ஆண்டு இருந்துவிடும். அங்கே 500 கொடுப்பது வீண். ஆகவே விலையைத் தீர்மானிப்பது நம் பயன்பாடே. அனுபவமுள்ள பணியாளர் கூறும் விதியும் இதுவே: முதலில் சுமாரானதை வாங்கு; உழைத்து உழைத்து எது தேய்கிறதோ, உடைகிறதோ, அதை அடுத்த முறை உயர்ந்ததாக வாங்கு. எது உனக்குத் தேவை என்பதை உன் கையே சொல்லும்.

இவ்விதிக்கு விலக்குகள் மூன்று.

1. உயிரையும் உடலையும் காப்பவை: மின்காப்புள்ள கருவிகள், வெட்டு வட்டுகள், கண்ணாடி, ஏணி. இவற்றில் முதல் முறையே நல்லதை வாங்க வேண்டும்.

2. கூர் தாங்க வேண்டியவை: உளி, இழைப்புளியின் அலகு, ரம்பம், துளைக்கம்பி. இவற்றில் நடுத்தரத்திற்குக் கீழே இறங்க வேண்டாம்.

3. பிழைப்புக்கு ஆதாரமானவை: மின்பணியாளனுக்குப் பிளேயர், தச்சனுக்கு உளி, பொருத்துபவனுக்குத் துளைப்பொறி. பாதி வேலையில் கருவி நின்றுபோனால் இழப்பது ஒரு நாள் கூலி மட்டுமன்று, அடுத்த வேலைக்கான அழைப்பும்தான். உயர்விலை இங்கே செலவாகாது, முதலீடாகும்.

மற்றவற்றில், அதாவது சுத்தியல், கவ்விகள், அளவு நாடா, வாளி, பெயிண்ட் பிரஷ், கருவிப்பெட்டி ஆகியவற்றில், சிக்கனத்திற்கு இடமுண்டு. சுத்தியலில் மட்டும் தலையும் பிடியும் இறுகியுள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி தேவைப்படாத கருவியை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கத்தான் வேண்டுமா? ஒரு நல்ல துளைப்பொறியையும் ஓர் உறுதியான ஏணியையும் ஓர் அன்பியம் பொதுவில் வாங்கி, ஒரு வீட்டில் பொறுப்பாக வைத்து, ஏட்டில் குறித்துக் கொடுத்து வாங்கினால், இருபது குடும்பங்கள் மலிவுச் சரக்கிலிருந்து விடுபடும். ஏழை மாணவனுக்குப் படிப்புச் செலவு தரும் பங்கு அமைப்புகள், படிப்பு முடிந்த நாளில் அவன் தொழிலுக்கேற்ற நான்கு நல்ல கருவிகளையும் தந்தனுப்பினால் அந்த உதவி முழுமை பெறும்.

பேணினால் நிலைக்கும்

கடலோரப் பங்குகளில் வாழ்வோர் நன்கறிவர். உப்புக்காற்றுக்கு முன் எந்த எஃகும் நிற்பதில்லை. வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். உளியின் வாய்க்கு உறை போடுங்கள். பிளேயரைச் சுத்தியலாகவும், திருப்புளியை உளியாகவும், உளியை நெம்புகோலாகவும் ஆக்காதீர்கள். நல்ல கருவிகளில் பெரும்பாலானவை தேய்ந்து சாவதில்லை; இப்படித்தான் சாகின்றன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில், பொருள்களை விரைவில் குப்பையாக்கும் எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்திருக்கிறார். ஒரே மாலையில் உடைந்து குப்பைக்குப் போகும் நூறு கருவிகளைச் செய்வதற்கும் எங்கோ ஒருவர் வியர்வை சிந்தினார், பூமி தன் இரும்பைக் கொடுத்தது. அந்த உழைப்பும் வீண், அந்த இரும்பும் வீண்.

தச்சரின் வீட்டில்

நம் ஆண்டவரை அவருடைய ஊரார் தச்சர் என்றே அறிந்திருந்தனர். மாற்கு நற்செய்தி அப்படியே கூறுகிறது. மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தினார். மனித உழைப்பைப் பற்றி 1981-இல் சுற்றுமடல் வரைந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், வேலையின் மதிப்பு அதைச் செய்யும் மனிதனிடத்திலிருந்தே முதன்மையாகப் பிறக்கிறது என்று கற்பித்தார். செய்யப்படும் பொருளும் செய்யப் பயன்படும் கருவியும் மனிதனுக்காகவே உள்ளன. மனிதன் அவற்றுக்காக இல்லை.

நாசரேத்துப் பட்டறையில் என்னென்ன கருவிகள் இருந்தன என்று நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. ஏழையின் வீட்டுக் கருவிகள், எண்ணிக்கையில் குறைந்தவையாகவே இருந்திருக்கும். ஆனால் அண்டை வீட்டான் ஏர் பூட்ட நம்பிக்கொண்டிருக்கும் நுகத்தடியைச் செய்கிறவர், தம் உளியைத் தீட்டாமல் வேலைக்கு உட்கார்ந்திருப்பார் என்று எண்ண முடியவில்லை.

நம் நண்பரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். கைப்புண் ஆறியபின், அவர் அந்தப் பெரிய பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். மாதம் ஒன்றாக, ஆறு கருவிகள் வாங்கினார்: இரண்டு திருப்புளி, ஒரு பிளேயர், ஒரு சுத்தியல், ஒரு ரம்பம், ஊர்க் கொல்லரிடம் சொல்லிச் செய்த ஓர் உளி. கூடவே ஒரு தீட்டுக்கல். எல்லாமாகச் சேர்ந்து, அந்தப் பெரிய பெட்டியைவிடச் சற்றே அதிகம் ஆயிற்று. சென்ற ஞாயிறு அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மூத்த மகன் திண்ணையில் அமர்ந்து, கல்லில் எண்ணெய் விட்டு உளி தீட்டிக்கொண்டிருந்தான். “மெதுவா, மக்கா, சாய்வு மாறாம இழு” என்று அவனுக்குத் தந்தை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நம் பிள்ளைகளின் கைகளைத் தூய சூசையப்பர் காத்தருள்வாராக.